காயல் குதிரையும் கழலும் லாடமும்

மணிமுத்தாற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு ஓடும் தாமிரபரணி, கடலைத் தொடும் இடத்துக்கு அருகில் காயல் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கிய பாண்டியர் துறைமுகம் அது. இந்தக் கரைக்கும் பிற இந்தியத் துறைமுகங்களுக்குமாக ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் வந்ததாகவும் ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் கொடுக்கப்பட்டதாகவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்திருக்கிறார். 1290களில் இங்கு வந்த மார்க்கோ போலோ இன்னொரு செய்தியையும் சொல்கிறார். ஒரு மன்னர் வாங்கும் இரண்டாயிரம் குதிரைகளில் ஆண்டுக் கடைசியில் நூறுகூட உயிரோடு மிஞ்சாதாம். நாட்டில் லாடக்காரர் கிடையாது. குதிரை வியாபாரிகள் லாடக்காரரைக் கூட்டி வருவதுமில்லை, வருகிறவரை விடுவதுமில்லை. குதிரை செத்துக்கொண்டே இருந்தால்தான் அடுத்த கப்பலுக்கு விலை உண்டு.

போலோ வியாபாரி. துறைமுகத்தில் காதில் விழுந்ததையும் சேர்த்தே சொல்லியிருப்பார். லாடம் இல்லாததால் மட்டும் குதிரைகள் சாவதில்லை. பழங்காலக் கிரேக்கரான செனபோன் குதிரை வளர்ப்பைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். அதில் ஆணி அடித்த லாடம் என்ற பேச்சே இல்லை. கல் பரப்பிய தரையில் குதிரையை நிறுத்தி வைத்தால் குளம்பு இறுகும் என்பதுதான் அவர் காட்டும் வழி. ஆகவே காயல் குதிரைகளைக் கொன்றது எது என்று தேட வேண்டியிருக்கிறது. விடைக்கான தடயம் போலோவின் குறிப்பிலேயே கிடக்கிறது: அவற்றுக்கு இறைச்சியும் சோறும் வேகவைத்துப் போட்டார்களாம். புல் தின்னும் விலங்குக்கு மாவுச்சத்து அளவு மீறிப் போனால் குடல் கெட்டு, அந்த நஞ்சு குளம்பில் வந்து இறங்கும். குளம்புச் சுவரையும் உள்ளெலும்பையும் பிணைத்திருக்கும் மெல்லிய மடிப்புகள் அழன்று தளரும். பிறகு அந்தக் குதிரையால் நிற்கவே முடியாது. அந்தக் காலத்து லாடக்காரர் பாதி மருத்துவர். குளம்பைக் கையில் எடுத்த உடனே சூட்டை உணர்ந்து, தீவனம் என்ன என்று கேட்டிருப்பார். பாண்டியர் பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கினார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆளை வாங்கவில்லை. என் கணிப்பில் இழப்பு நேர்ந்தது அங்கேதான்.

லாடத்தின் நன்மை தீமைகளை எடைபோடும்போதும், லாடத்தைவிட அதை அடிக்கும் ஆளே முக்கியம் என்பதை மறக்கக் கூடாது. குதிரையின் குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. வெறுங்காலில் நடந்தால் வளர்வதும் தேய்வதும் ஏறக்குறையச் சரியாகிவிடும். கரடான தரையில் பாரம் இழுக்கும்போது தேய்மானம் வளர்ச்சியை முந்திவிடுகிறது. அப்போதுதான் லாடம் தேவைப்படுகிறது. ஆனால் லாடம் அடித்ததும் தேய்மானம் அடியோடு நின்று, குளம்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. முனை நீள்கிறது, குதிகால் இரும்பைத் தாண்டிப் பரவுகிறது, மடக்கி வைத்த ஆணிநுனி மேலெழுகிறது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பிரித்து, செதுக்கி, மறுபடி அடிக்காவிட்டால் லாடமே காலுக்குக் கேடாகிவிடும்.

லாடம் கழல்வதற்குப் பெரும்பாலும் இந்தத் தாமதமே காரணம். பின்னங்கால் முன்னங்கால் லாடத்தின் பின்விளிம்பை மிதித்துப் பிடுங்குவதும் உண்டு. முனை நீண்ட குளம்பு தரையை விட்டு எழத் தாமதிப்பதால் அந்த மிதி எளிதாக விழுகிறது. ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் குளம்புச் சுவர் ஊறி உப்பும், காய்ந்து சுருங்கும். ஆணித்துளை நாளுக்கு நாள் அகலும். கழன்ற லாடத்தைக் கண்டதும் ஆணியைக் குறை சொல்கிறோம். பல நேரம் காலண்டரைத்தான் பார்க்க வேண்டும்.

மணிமுத்தாற்றுப் பக்கம் இந்த நியாயம் வண்டிமாட்டுக்கும் அப்படியே பொருந்தும். மாட்டின் குளம்பு பிளவுபட்டது. காலுக்கு இரண்டு சிறு தகடுகள் வேண்டும், ஆணி வெளிச்சுவரோரம் மட்டுமே இறங்கலாம். பெருங்கால் வாய்க்கால் பாசனத்து வயலில் தொழி கலக்கும் மாட்டுக்கு லாடம் எதற்கு? சேறு உறிஞ்சியே அதைப் பிடுங்கிவிடும். அதே மாடு வைக்கோல் பாரத்தோடு தார்ச்சாலையில் ஏறினால் லாடமில்லாமல் சீக்கிரமே நொண்டும். கார், பிசானம் என நெல் பருவங்கள் மாறி வரும் ஊரில் மாட்டின் கால் சேற்றிலும் சாலையிலுமாக வாழ்கிறது. ஒரே லாடம் இரண்டுக்கும் ஒத்துவராது. எப்போது அடிப்பது, எப்போது கழற்றி விடுவது என்று தெரிந்த ஆள் வேண்டும்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாட்டைக் கயிறு போட்டுத் தரையில் சாய்த்து, நான்கு காலையும் கட்டி அடிக்கும் வழக்கம் எனக்கு உவப்பானதல்ல. சாய்க்கும் வேகத்தில் விலாவும் கொம்பும் அடிபடும். வயிறு நிறைந்த மாட்டுக்கு அது ஆபத்தும்கூட. ஆணி ஒரு நூல் உள்ளே போனாலும் உயிர்ச்சதையைத் தொட்டுச் சீழ் வைக்கும். குதிரைக்கு அந்தத் துளை வழியே ரண ஜன்னி (டெட்டனஸ்) வரலாம், வந்தால் பிழைப்பது அரிது. வழவழத்த தாரில் இரும்பு வழுக்குகிறது. குளம்பு தரையில் பதியும்போது சற்று விரிந்து மீள்வது இயல்பு, அது அதிர்ச்சியையும் தாங்குகிறது. ஆணி அந்த விரிவைக் குறைக்கிறது. லாடமே வேண்டாம் என்பவர்களிடம் இதற்கெல்லாம் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரக் குதிரைப்படைக் காவலர்கள் லாடமில்லாத குதிரைகளையே நகரத்துச் சாலைகளில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் அந்தக் குதிரைகளுக்கு ஒழுங்கான செதுக்கலும் கணக்கான தீவனமும் கிடைத்தன. அவை இல்லாமல் லாடத்தை மட்டும் கழற்றிவிட்டால் நம் வண்டிமாடு தேய்ந்த காலோடு பாரம் இழுக்கும். அது மாட்டுக்குக் காட்டும் கருணை ஆகாது.

இந்தியச் சட்டம் லாடக்காரரை மறந்துவிடவில்லை. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965இல் லாடக்காரர்களுக்கு உரிமம் வழங்கும் விதிகள் வந்தன. இங்கிலாந்தில் 1975இல் வந்த சட்டம், பயிற்சி பெற்றுப் பதிவு செய்யாதவர் குதிரைக்கு லாடம் அடிக்கவே கூடாது என்கிறது. அங்கே சட்டத்தோடு சேர்ந்து தொழில்கல்வியும் நின்றது. இங்கே கைத்திறன் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போன காலம் முடிந்துவிட்டது. டிராக்டரும் சுமை ஆட்டோவும் வந்தபின் வண்டி குறைய, வாரச் சந்தையில் குறட்டோடும் சுத்தியலோடும் உட்கார்ந்திருந்தவருக்குப் பிழைப்பில்லை. மிச்சமிருக்கும் மாடுகளுக்குத்தான் இப்போது அவர் அதிகம் தேவை. சுற்றுலா ஊர்களில் மட்டக்குதிரை வைத்துப் பிழைப்பவர்களுக்கும் அதே பாடுதான்.

திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிராமங்களில் தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன. அந்த முகாமில் குளம்புக் கத்தியும் அரமும் பிடிக்கத் தெரிந்த ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தலாம். கட்டிச் சாய்க்காமல் மாட்டை நிறுத்திவைத்து வேலை பார்க்க ஒரு மரச்சட்டம் போடலாம். மிஞ்சியிருக்கும் பழைய லாடக்காரரை அழைத்து இளைஞர்களுக்குச் சொல்லித்தரச் செய்யலாம், அவருக்கும் அதற்குக் கூலி கொடுத்து.