காவலும் கண்காணிப்பும்

‘காவல்’ என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. ஊரைக் காப்பதும் காவல். ஒருவனை அடைத்து வைப்பதும் காவல். கணினியால் ஆக்கப்பட்ட உலகத்தையும் அதனுள் வாழ்வோரையும் காத்து நிற்கும் இயந்திர அறிவைப் படைக்கும் புனைகதையாளர் எவரும் இவ்விரு பொருளுக்கும் இடையேதான் நின்றாக வேண்டும். இத்தகைய கதைகளை மேனாட்டுச் சரக்கென்று நம் தமிழாசிரியர் சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். அவை ஒதுக்கத்தக்கன அல்ல. அவற்றை அளக்கும் கோலும் நம்மிடமே உண்டு என்பது என் கருத்து.

மேனாட்டார் இப்பொருளை வெவ்வேறு கோணங்களில் கையாண்டுள்ளனர். 1947இல் ஜாக் வில்லியம்சன் எழுதிய கதையொன்றில் இயந்திர மனிதர்கள் மாந்தரைத் தீங்கினின்று காக்க வருகின்றனர். கத்தியைத் தொடாதே, வண்டியை ஓட்டாதே என்று ஒவ்வொன்றாய்த் தடுத்து, இறுதியில் கைகட்டி உட்கார்ந்திருப்பதைத் தவிர மனிதனுக்கு வேறு வேலை இல்லாமற் செய்துவிடுகின்றனர். 1964இல் டேனியல் கலூய் படைத்த நாவலில் ஒரு நகரமே கணினிக்குள் இருக்கிறது. அங்கு வாழ்வோர் அதை அறியார். 1999இல் வெளிவந்த ‘மேட்ரிக்ஸ்’ திரைப்படம் இவ்வெண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. குறையே இல்லாத உலகமொன்றை இயந்திரங்கள் முதலில் அமைத்தன. மனித மனம் அதை ஏற்கவில்லை. ஆகவே துன்பமும் கலந்த உலகத்தை அமைத்தன என்று அப்படத்தில் காவலன் ஒருவனே கூறுகிறான். படத்தின் சண்டைக் காட்சிகள் அனைத்தையும்விட அந்த ஒரு பேச்சே சிந்தனைக்குரியது.

இனி நம் மரபுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் இந்திர விழவு ஊர் எடுத்த காதையில் புகார் நகரின் ஐவகை மன்றங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் இரண்டு ஈண்டு நினைக்கத்தக்கன. பூத சதுக்கத்திலுள்ள பூதம், பொய்க்கரி புகல்வார் முதலிய தீயோரைத் தன் பாசத்தாற் கட்டி விழுங்கும். பாவை மன்றத்துப் பாவையோ, அரசன் கோல் கோடினால் ஒன்றும் பேசாது கண்ணீர் உகுக்கும். குற்றம் நிகழ்ந்த நொடியில் தானே இயங்கும் இக்காவலரை மனித உருவில் அமைந்த பொறிகள் என்று சொன்னால் இன்றைய மாணவன் எளிதில் புரிந்துகொள்வான்.

அடைக்கலக் காதையில் மாடலன் வாயிலாக இளங்கோவடிகள் அப்பூதத்தைச் சோதனைக்கும் உள்ளாக்குகிறார். கற்புடைய ஒருத்திமேல் பொய்க்கரி கூறிய ஒருவனைப் பூதம் பற்றிக்கொள்கிறது. அவன் தாய் படும் துயரம் பொறாத கோவலன் பாசத்துட் புகுந்து, ‘என் உயிரைக் கொண்டு இவனை விடுக’ என வேண்டுகிறான். கீழ்மகன் உயிர்க்கு ஈடாக நல்லவன் உயிரைக் கொள்ளுதல் தனக்கு முறையன்று என்று பூதம் மறுத்து, அவனை விழுங்கிவிடுகிறது. பூதம் இரங்கவில்லைதான். ஆயினும் முறையீட்டைக் கேட்டது. மறுத்ததற்குக் காரணமும் கூறிற்று. பின்னர் அத்தாயையும் சுற்றத்தாரையும் பல்லாண்டு காத்தவன் கோவலனே. நெறியைக் காப்பது பூதத்தின் தொழில். அந்நெறியால் அடிபட்டவரைக் காப்பது மனிதன் கடன் என்னும் பகுப்பு இங்கே தெளிவாகிறது.

மலாக்கா மாநிலத்து வாசகர்க்கு இப்பகுப்பு நூலறிவு மட்டுமன்று. உம்பாய், ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டத்து வாழ்வை அறிந்தவர்கள் இருவகைக் காவலரையும் அறிவர். ஒருவர் கங்காணி. கண்காணிப்பவர் என்பதே சொற்பொருள். ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்தவர் அவர். விடியுமுன் பெரட்டில் தலை எண்ணியவர் அவர். ஆளுக்கு இவ்வளவென்று துரையிடம் பணம் பெற்றவரும் அவரே. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தபின் அம்முறையில் ஆள் எடுப்பது நின்றது, சொல் நிற்கவில்லை. மற்றவர் தோட்டத்து எல்லையில் நின்ற முனீஸ்வரர். பிள்ளைக்குக் காய்ச்சல் தணியாவிட்டால் அவரிடம் முறையிடலாம், நேர்ந்துகொள்ளலாம், கோபித்துக்கொண்டு ஏசவும் செய்யலாம். கங்காணியிடம் அவ்வாறு பேச முடியுமா? காக்கப்படுவோன் காவலனைக் கேள்வி கேட்க இடமுண்டா என்பதே கதைகளை அளக்கும் கோல்.

அக்கோலைக் கொண்டு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை நோக்குவோம். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த இந்நாவல், 2021ஆம் ஆண்டை ஒட்டிய இந்தியாவைக் கற்பனை செய்தது. அந்த ஆண்டையும் நாம் கடந்துவிட்டோம். அங்கே பெயர்கள்கூடச் சுருக்கப்பட்டுவிட்டன. பிள்ளை பெறவும் அரசின் இசைவு வேண்டும். யாவற்றையும் ஆள்பவர் ஜீவா. அந்த ஜீவாவோ ஒளியால் ஆன வெறும் பிம்பம் என்பது பின்னர் வெளிப்படுகிறது. மறுபுறம் ஜீனோ என்னும் இயந்திர நாய். நூல்களைப் படித்து, எள்ளலாய்ப் பேசி, கணவனைத் தேடும் நிலாவுக்குத் துணை நிற்கிறது. ஜீவா ஒழுங்கைக் காக்கிறது. ஜீனோ ஒருத்தியைக் காக்கிறது. நிலா ஜீனோவோடு வாதிடலாம். ஜீவாவோடு வாதிட அங்கே ஆளே இல்லை. முகமில்லாத கங்காணியைத் தமிழ்ப் புனைகதை இவ்வளவு கூர்மையாக முன்னர்க் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆயினும் நாவலில் ஒரு குறை உண்டு. ஜீவா பிம்பம் என்னும் உண்மை துப்பறியும் கதையின் திருப்பம்போல் வந்து போகிறது. அந்தப் பிம்பத்தை நம்பி வாழ்ந்த மக்களின் மனநிலைக்கு ஆசிரியர் போதிய இடம் தரவில்லை. ஜீனோவின் நகைச்சுவை வாசகனை வசப்படுத்திவிடுவதால், ஏவலை மீறி வளரும் அந்த அறிவை யார் கேள்வி கேட்பது என்னும் வினாவும் எழாமலே போகிறது. வாரந்தோறும் வாசகனைக் காத்திருக்கச் செய்யும் தொடர்கதை வடிவம் இதற்கு ஒரு காரணமாகலாம். பிற்காலத்தில் ‘மீண்டும் ஜீனோ’ எழுதியபோது அவ்வினாவை அவர் இன்னும் அழுத்தமாகத் தொட்டிருக்கலாம்.

இலக்கிய வகுப்பில் அடைக்கலக் காதைப் பகுதியையும் இந்நாவலையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பிக்கலாம். பூதம் சொன்ன காரணத்தையும் ஜீவாவின் வெறுமையையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால், கைப்பேசி விளையாட்டொன்றிலிருந்து காரணம் கூறப்படாமல் விலக்கப்பட்ட அனுபவத்தை ஏதேனும் ஒரு மாணவன் தானே கொண்டுவந்து சேர்ப்பான்.