பிள்ளை மடுவத்துக்கு யார் பொறுப்பு?

இலங்கை மலையகத்தில் றொசல்ல, வட்டவளை, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை மடுவத்தை அறியாதவர் இல்லை. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் தாய் கைப்பிள்ளையை அங்கே ஆயம்மாவிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிறாள். இப்போது பெயர்ப்பலகையில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று இருக்கும். துரைமார் இதை இரக்கத்தால் தொடங்கவில்லை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இடுப்பில் பிள்ளை இருந்தால் கூடை நிறையாது. அப்படிப் பிறந்த ஏற்பாடு காலப்போக்கில் அந்தக் கணக்கைத் தாண்டி வளர்ந்துவிட்டது. பெற்றோரல்லாத கையில் பிள்ளை வளர்வது எங்கும் ஒரே மாதிரி அல்ல. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்ததற்காக அந்நாட்டு அரசு 2008-இல் மன்னிப்புக் கேட்டது. இங்கேயோ பிள்ளை, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு அருகிலேயே, தன் மொழியைக் கேட்டுக்கொண்டே, தெரிந்த பெண்ணின் கையில் வளர்கிறது. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாலூட்டத் தாய்க்கு நாளுக்கு இரண்டு இடைவேளை தரவேண்டும் என்கிறது மகப்பேற்று நன்மைச் சட்டம். நடந்துபோகும் தூரத்தில் மடுவம் இருப்பதால்தான் அந்த உரிமைக்கு உயிர் வருகிறது.

இந்த நன்மைகளை முழுமனதோடு ஏற்றுக்கொண்டுதான் குறைகளைப் பேச வேண்டும். 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள்; தோட்டப்புறத்தில் அது 31.7 வீதம். இதற்கு மடுவம்தான் காரணம் என்று சொல்வது அநியாயம். கூலி, லயக் காம்பரா, தாயின் சோகை எல்லாம் இதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் பகற்பொழுதை எல்லாம் பிள்ளை கழிக்கும் இடத்தில் சாப்பாடும் எடை பார்ப்பதும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுவதை எப்படி ஏற்பது? இதைவிட ஆழமான குறை, மடுவம் தாயின் ‘பேரோடு’, அதாவது தோட்டத்தில் அவளுடைய வேலைப் பதிவோடு, கட்டப்பட்டிருப்பது. மலையில் பேர் விழும் தொழிலாளியின் பிள்ளைக்காக அமைந்த இடம் அது. இன்று எத்தனையோ தாய்மார் கொழும்பு வீடுகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளைச் சேர்ப்பதும் விடுவதும் நிர்வாகத்தின் மனதைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது. தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்குத்தானே மடுவம் முதலில் திறக்க வேண்டும்?

அம்மாயியும் அப்பாயியும் பார்த்துக்கொள்வார்களே என்று சிலர் கேட்பார்கள். பார்த்துக்கொள்கிறார்கள்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க மலை ஏறி முழங்கால் தேய்ந்த மூதாட்டியிடம் இரண்டு மூன்று பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு அதைக் குடும்பப் பாசம் என்று பாராட்டுவது, அவர் தலையில் இன்னொரு கூடையை ஏற்றுவதுதான். மடுவத்துக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றால், கம்பனிகள் செலவைச் சுமக்கும்போது அரசு எதற்கு என்ற கேள்வி கொஞ்சம் வலுவானது. 1992-இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனபோது நலத்திட்டங்களுக்கென ஒரு நிதியமும் உருவானது. இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதுதான். ஆயம்மாக்களுக்குப் பயிற்சி கிடைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் பதிவுத் தொழிலாளர் குறையக் குறைய, அவர்களை வைத்து ஓடும் மடுவமும் சுருங்கும். இதே மலையகத்தில் தோட்டப் பள்ளிக்கூடங்களும் ஒருகாலத்தில் நிர்வாகத்தின் தயவில்தான் நடந்தன. 1970-களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகே இலவசக் கல்வி லயங்களை எட்டியது. பல பள்ளிகள் நெடுங்காலம் ஐந்தாம் வகுப்போடு நின்றது உண்மை; அதனால் பொறுப்பேற்றதே பிழை என்று எவரும் சொல்வதில்லை.

மடுவங்களுக்குப் பொதுப் பணம் செலவிட இருந்த ஒரு தடையும் விலகியிருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் பணம் செலவிட இடம் கொடுக்காமல் இருந்தது. 2018-இல் அது திருத்தப்பட்டது. கட்டடத்தையும் நிலத்தையும் கம்பனி தொடர்ந்து தரட்டும். ஆயம்மாவின் சம்பளமும் பிள்ளைகளின் மதியச் சாப்பாடும் பொதுப் பணத்திலிருந்து வரட்டும்; சமையலையும் நேரத்தையும் கவனிக்க தாய்மார் குழு இருக்கட்டும். சேர்க்கும்போது தாய் எங்கே வேலை செய்கிறாள் என்ற கேள்வியே எழக்கூடாது.