தேடுவோர் குற்றமா?

கண்ணிற் படாத கதவு இருந்தென்ன, இல்லாவிடில் என்ன? 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 8 இவ்வினாவை எழுப்பிற்று. 1995 முதல் திரையின் மூலையில் நின்ற ‘ஸ்டார்ட்’ பொத்தானை அது அகற்றியது. கணினியை நிறுத்த விரும்பியவர், சுட்டியை வலப்புற மூலைக்குக் கொண்டுசென்று, தோன்றும் பட்டையில் ‘செட்டிங்ஸ்’ திறந்து, அதனுள் ‘பவர்’ பொத்தானைக் காண வேண்டியிருந்தது. மூலையில் வழியுண்டென்று காட்டும் நிலைத்த குறி திரையில் இல்லை. பலரும் குறைகூறவே, 2013-இல் வந்த 8.1-இல் பொத்தான் மீண்டது.

இத்தகைய குறையை முன்னரே அறிதற்குரியது பயனர் சோதனை. ஆயினும், ‘செட்டிங்ஸைத் திறந்து பவரை அழுத்துக’ என்று பணித்தல், விடையை வினாவுள் வைத்த தேர்வாகும். ‘வேலை முடிந்தது, கணினியை நிறுத்துக’ என்று மட்டும் கூறி, வாய் திறவாது நோக்குதலே முறை. அவர் முதலில் எங்கே தேடினார், எவ்வளவு நேரமாயிற்று, எங்கே கைவிட்டார் என்பனவே மதிப்பெண்கள். ஒருமுறை கண்டவர் மறுமுறை எளிதிற் காண்பார். ஆதலின் புதியவரையே அமர்த்தல் வேண்டும்.

எம் தோட்டத்துப் பெற்றோர் கைப்பேசியில் வேண்டியதைக் காணாதபோது, ‘எனக்குப் படிப்புப் போதாது, ஐயா’ என்று தம்மையே நொந்துகொள்கின்றனர். வகுப்பு முழுதும் ஒரே வினாவில் தவறினால், குற்றம் மாணவரிடம் அன்று, வினாவிலேயே உளது. மென்பொருள் அமைப்போர் இதனை உணர்வாராக!