வாட்டம் இல்லாத வாய்க்கால்

கோயம்புத்தூரில் ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் போதும். லங்கா கார்னர், அவிநாசி சாலை மேம்பாலத்தின் அடிப்பகுதி, கிக்கானி பள்ளி அருகிலுள்ள ரயில்வே கீழ்ப்பாலம் ஆகிய இடங்களில் நீர் தேங்கிவிடுகிறது. பேருந்து பாதி மூழ்கி நிற்கும் படம் மறுநாள் நாளிதழில் வருகிறது. அப்போது எழும் குரல் ஒன்றுதான்: "வாய்க்கால் சிறியது, பெரிதாகக் கட்ட வேண்டும்." நீர் தேங்கும் தெருக்களில் எல்லாம் கேட்கும் தீர்ப்பும் இதுவே.

இந்தத் தீர்ப்பு சரிதானா? தரையோடு தரையாகக் கான்கிரீட்டில் பதித்து, மேலே இரும்புக் கிராதி போட்ட வாய்க்காலை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் பங்க் வாசலிலும், அடுக்குமாடி வீடுகளின் வண்டி நிறுத்துமிடத்திலும், ஆலைகளின் சரக்கு முற்றத்திலும், கீழ்ப்பாலச் சாலைகளின் குறுக்கிலும் இன்று இது வந்துவிட்டது. அதன் நிறை குறைகளை இயற்பியலின் துணைகொண்டு பார்ப்போம். அளவு குறைவு என்பது இதன் குறைகளில் கடைசியாகச் சொல்லவேண்டியது என்பது என் கருத்து.

நம் கொத்தனார்களிடம் 'வாட்டம்' என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. நீர் தானே ஓடுவதற்காகத் தளத்துக்குக் கொடுக்கும் சாய்வுதான் அது. பாடநூலில் 'சரிவு' என்று படிக்கும் மாணவர், வீட்டு மொட்டைமாடியில் நீர் நின்றால் "வாட்டம் பத்தலைங்க" என்று மேஸ்திரி சொல்வதைக் கேட்டிருப்பார். இரண்டும் ஒன்றே என்று வகுப்பில் நாம் சொல்லிக் கொடுப்பதில்லை.

வாட்டத்துக்கும் நீரோட்டத்தின் வேகத்துக்கும் உள்ள தொடர்பை 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் ஷேசி ஆராய்ந்தார். 1889-இல் அயர்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் மானிங் தந்த வாய்பாட்டை உலகெங்கும் இன்றும் பயன்படுத்துகிறார்கள். (தம் பெயரால் வழங்கும் இந்த வாய்பாட்டில் மானிங்குக்கே முழு மனநிறைவு இல்லை என்பது சுவையான செய்தி.) அதன்படி வேகம், வாட்டத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வாட்டத்தைக் கால்பங்காகக் குறைத்தால் வேகம் பாதியாகும்.

ஓர் எடுத்துக்காட்டு. 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள கான்கிரீட் வாய்க்கால். பத்து மீட்டருக்கு 5 செ.மீ. வாட்டம். இது நிறைந்து ஓடினால் நீரின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். விநாடிக்கு சுமார் 90 லிட்டர் நீர் வெளியேறும். அதே வாய்க்காலில் வாட்டத்தைப் பத்து மீட்டருக்கு ஒன்றேகால் செ.மீ. என வைத்தால் வெளியேறுவது 45 லிட்டர்தான். இனி மழையைக் கணக்கிடுவோம். தார் அல்லது கான்கிரீட் பூசிய ஓர் ஏக்கர் நிலத்தில் மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதம் மழை பெய்தால், விநாடிக்கு ஏறக்குறைய 50 லிட்டர் நீர் ஓடி வரும். ஆகவே முதல் வாய்க்கால் ஒன்றேமுக்கால் ஏக்கரைத் தாங்கும். இரண்டாவது ஓர் ஏக்கரையே தாங்காது. செலவான சிமெண்டும் கம்பியும் இரண்டுக்கும் ஒன்றுதான்!

அகலப்படுத்தினால் கொள்ளளவு கூடாதா என்று கேட்கலாம். கூடும். ஆனால் ஆண்டில் பெரும்பாலான மழை சிறு மழையே. அகன்ற தட்டைத் தளத்தில் அந்தச் சிறிதளவு நீர் பரவி, மெலிந்து, வேகம் இழக்கும். விநாடிக்கு அறுபது செ.மீ. வேகமாவது இருந்தால்தான் மணல் அடித்துச் செல்லப்படும் என்பது பொறியாளர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு. அதற்குக் கீழே போனால் நம் ஊர்ச் செம்மண் கலந்த மணல் அங்கேயே படியும். படிந்த மணல் வாட்டத்தை மேலும் கெடுக்கும். பிறகு நீர் நிற்கும், கொசு வரும். (டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடுவது. சாக்கடைத் தேக்கத்தில் பெருகுவது க்யூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுவே.) பெரிய வாய்க்காலின் மேல் போடும் கான்கிரீட் மூடியும் கவனிக்கத்தக்கது. ஒரு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், 10 செ.மீ. கனம் உள்ள பலகையின் எடை 180 கிலோகிராம். இரண்டு பேர் தூக்கிவிட முடியாது. தூக்க முடியாத மூடிக்குக் கீழே இருக்கும் மணலை யார் அள்ளுவார்கள்?

பதிக்கும் முறைக்கு வருவோம். பெரும்பாலான குறைகள் தொடங்குமிடம் இதுதான்.

வேலையை நீர் போய்ச் சேரும் முனையிலிருந்து, அதாவது மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கொண்டுபோக வேண்டும். நடைமுறையில் வசதியான முனையிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். கடைசியில் பெரிய சாக்கடையை அடையும்போது, அதன் அடிமட்டம் நம் வாய்க்காலின் அடிமட்டத்தைவிட உயரமாக இருப்பது தெரியவரும். அதன்பின் அது வாய்க்கால் அன்று, நீளமான தொட்டி.

இப்போது தயார்நிலையில் வார்த்த இலேசான வாய்க்கால் துண்டுகள் கிடைக்கின்றன. அவற்றைக் குழியில் வைத்துச் சுற்றிலும் கான்கிரீட் கொட்டும்போது ஆர்க்கிமிடீஸ் குறுக்கிடுகிறார். ஈரக் கான்கிரீட்டும் ஒரு பாய்மம் போலவே நடந்துகொள்ளும். அதன் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 2400 கிலோகிராம். 20 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் உள்ள ஒரு மீட்டர் துண்டு முழுவதும் அமிழ்ந்தால், அது இடம்பெயர்க்கும் கான்கிரீட்டின் எடை 96 கிலோகிராம். அவ்வளவு மேலுதைப்பைச் சில கிலோகிராம் எடையுள்ள துண்டு எப்படித் தாங்கும்? மிதக்கும். ஒரு முனை ஒரு செ.மீ. எழும்பினாலும் நூல் கட்டி வைத்த வாட்டம் போயிற்று. ஆகையால் துண்டுகளைக் கம்பியோடு இறுகக் கட்டவேண்டும். கான்கிரீட்டை இரண்டு தவணையாகக் கொட்டவேண்டும். பக்கச் சுவர்கள் உட்புறம் நெருங்காமலிருக்கக் கிராதியை அதனிடத்தில் வைத்தே வார்க்கவேண்டும்.

அடுத்தது வெப்பம். பத்து மீட்டர் கான்கிரீட் தளம், வெப்பநிலை 30 டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். பங்குனி, சித்திரை வெயிலில் இது பெரிதல்ல. நீள இடம் இல்லாவிட்டால் தளம் வாய்க்காலின் சுவரை நெருக்கும். விளிம்பு உடையும், கிராதி இறுகிக்கொள்ளும். ரயில் தண்டவாளத்தின் இடைவெளியைப் பள்ளியிலேயே படிக்கிறோம். வாய்க்காலை ஒட்டிய தளத்திலும் அப்படி ஓர் இணைப்பு இடைவெளி வேண்டும். கிராதியின் மேல்மட்டம் தளத்தைவிட 3 மில்லிமீட்டர் அளவு தாழ்ந்திருக்கவேண்டும். அது உயர்ந்து நின்றால் நீர் உள்ளே இறங்காது. வண்டிச் சக்கரம் இடித்து இடித்துக் கிராதியையும் பெயர்த்துவிடும்.

கிராதியின் கம்பிகள் எத்திசையில் அமையவேண்டும் என்பது ஒரு நல்ல புதிர். சரிவான சாலையில் 3 செ.மீ. ஆழத்தில், விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் நீரின் மேற்பரப்பு 3 செ.மீ. கீழே விழுவதற்குள் 16 செ.மீ. முன்னே போய்விடும். குறுகிய கிராதியை அது தாண்டிக் குதித்துவிடும் என்பது இதன் பொருள். கம்பிகள் நீரோட்டத்தின் திசையிலேயே இருந்தால் அதிக நீர் இறங்கும். ஆனால் மிதிவண்டிச் சக்கரமும் அதே இடைவெளியில் இறங்கும். நீருக்காகச் சைக்கிள்காரரைப் பலியிட முடியாது. குறுக்குக் கம்பியும், போதுமான அகலமும் உள்ள கிராதியே பொதுச்சாலைக்கு ஏற்றது. வார்ப்பிரும்புப் பட்டறைகள் நிறைந்த நம் ஊரில் இதை வார்ப்பது அரிதன்று.

மீண்டும் கீழ்ப்பாலத்துக்கு வருவோம். அங்கே வாட்டம் மட்டும் உதவாது. சாலையே சுற்றுப்புறச் சாக்கடையைவிடத் தாழ்ந்திருக்கிறது. பம்பு வைத்தே இறைக்கவேண்டும். விநாடிக்கு 50 லிட்டரை 6 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 3 கிலோவாட் வேண்டும். இழப்புகளையும் சேர்த்தால் ஏழு குதிரைத்திறன். பொள்ளாச்சிப் பக்கத் தோட்டத்துக் கிணற்றில் இருக்கும் மோட்டாருக்குச் சமம். பம்புக்குப் பெயர்போன ஊரில் இது ஒரு பெரிய காரியமா? இயந்திரப் பஞ்சம் இங்கில்லை. இறைக்க வேண்டாத நீரையும் உள்ளே வரவிட்டு இறைக்கிறோம் என்பதுதான் குறை.

இருபுறச் சரிவுகளும் தலா 60 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் என்று கொள்வோம். முன் சொன்ன மழையில் அவற்றின் மேல் நேராக விழும் நீர் விநாடிக்குப் பதின்மூன்று லிட்டர் மட்டுமே. மீதியெல்லாம் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து சரிவில் இறங்கி வரும் விருந்தாளி. ஆகவே கிராதி வாய்க்காலுக்கு முதன்மையான இடம் பள்ளத்தின் அடி அன்று. சரிவு தொடங்கும் மேல்முனை. அங்கே சிறிய மேடும், அதற்கு முன்னால் சாலையின் முழு அகலத்துக்கும் ஒரு கிராதி வாய்க்காலும் இருந்தால், தெருநீரை மேலேயே திருப்பி, அது தன் வாட்டத்திலேயே போகும்படி செய்யலாம். அடியில் இருப்பது சிறு தொட்டியும் பம்புமாக இருந்தால் போதும். அடியில் மட்டும் கிராதி போட்டு அதை அகலப்படுத்திக்கொண்டே போவது, கூரை ஒழுகும் வீட்டில் பாத்திரத்தைப் பெரிதாக்குவதற்கு ஒப்பாகும்.

திருப்பிய நீர் எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. கோவையின் நிலம் மேற்கே வெள்ளிங்கிரி மலையிலிருந்து கிழக்கே நொய்யலோடு சேர்ந்து தாழ்கிறது. அந்த இயற்கை வாட்டத்தை அறிந்துதான் முன்னோர் அணைக்கட்டும் ராஜவாய்க்காலும் வெட்டி, குளத்துக்குக் குளம் நீர் கொண்டுபோனார்கள். அவர்களைப் புகழ்வது எளிது. அவர்கள் மட்டம் பார்த்ததுபோல் பார்ப்பதுதான் அரிதாகிவிட்டது. மழை மறைவுப் பகுதியான நமக்குக் குளம் சேரும் ஒவ்வொரு லிட்டரும் கிணற்று நீரே. ஆனால் வாய்க்காலின் முனை குளத்தின் நிறைமட்டத்துக்குக் கீழே இருந்தால், குளம் நிறைந்த நாளில் நீர் தெருவுக்குத் திரும்பிவிடும். இதையும் கட்டுவதற்கு முன்பே மட்டம் பார்த்து அறியவேண்டும்.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. கொத்தனாரின் ஒளிபுகும் டியூப்பில் நீரை நிரப்பி இரு முனைகளிலும் பிடித்தால், இணைந்த கலங்களின் விதிப்படி இருபுறமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதிலிருந்து அளந்துகொள்ளலாம். உங்கள் வீட்டு வாசலிலோ தெருவிலோ இப்படி ஒரு வாய்க்கால் கட்டி முடிந்தால், மூடி போடுவதற்கு முன் மேல்முனையில் இரண்டு குடம் நீரை ஊற்றிப் பாருங்கள். கால்மணி நேரம் கழித்தும் நீர் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவையுங்கள். மேஸ்திரி கிளம்புவதற்கு முன் அதை அவர் பார்க்கட்டும்.