கிள்ளான் கடைக்கு ஹார்பர் தந்த மறுவாழ்வு

ஹார்பர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லவேண்டும் போலிருக்கிறது எனக்கு. நான் பார்த்த கட்டற்ற மென்பொருள்களில் இவ்வளவு பெரிய மனசுள்ள கம்பைலர் வேறொன்று இல்லை.

கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானாவில் என் மாமா மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறார். சரக்கு, கடன், பில் எல்லாமே கிளிப்பர் என்ற டாஸ் காலத்து நிரல்மொழியில் எழுதிய ஒரு புரோகிராமில்தான் ஓடுகின்றன. 90-களில் பிரிக்பீல்ட்ஸ்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. நீலத் திரை, மஞ்சள் எழுத்து, மவுஸ் கிடையாது. ஆனால் கணக்கு பார்க்கும் அக்கா எஃப்2, எஃப்5 என்று தட்டினால், லோரிக்காரர் ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் பில் கையில் இருக்கும்.

கிளிப்பர் உருவாக்கும் எக்ஸி கோப்பு 16 பிட் டாஸ் காலத்தது. 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது. கிளிப்பரைக் கொண்டுவந்த நான்டுக்கெட் நிறுவனத்தை 1992இல் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் வாங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் புதுப் பதிப்புகள் நின்றுபோயின. புரோகிராமைப் புது விண்டோஸுக்கு மாற்ற விலை கேட்ட இடங்களிலெல்லாம் ஒரே பதில்: “எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க பாஸ்.”

தூக்கிப் போட வேண்டியதே இல்லை! 1999இல் ஸ்பெயினின் அந்தோனியோ லினாரெஸ் தொடங்கிவைத்த ஹார்பர், கிளிப்பரின் .பிஆர்ஜி நிரல் கோப்புகளை அப்படியே வாங்கிக்கொள்கிறது. அவற்றைச் சி மொழிக் கோப்பாக்கி, ஜிசிசி வழியாக இன்றைய விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ எக்ஸியாக்கிக் கொடுக்கிறது. போலந்தின் ப்ஷெமிஸ்வாவ் செர்பாக், ஹங்கேரியின் விக்டர் சகாட்ஸ் போன்றவர்கள் வருடக்கணக்கில் உழைத்து அதைச் செதுக்கியிருக்கிறார்கள்.

அவர்கள் கிளிப்பரின் நல்ல குணங்களை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, கோணல்களையும் சேர்த்தே காப்பாற்றியிருக்கிறார்கள். என்னை அடியோடு மயக்கியது இதுதான். ஓர் உதாரணம். செட் எக்ஸாக்ட் ஆஃப் நிலையில் கிளிப்பரின் சமக்குறி விநோதமானது. இடப்பக்கம் ‘முத்துசாமி’, வலப்பக்கம் ‘முத்து’ என்றால் சமம் என்கிறது. திருப்பிப் போட்டால் சமமில்லை என்கிறது. இன்றைய பிரபல மொழிகள் பெரும்பாலும் இதை ஒப்புக்கொள்ளாது. மாமா கடையில் வாடிக்கையாளரைத் தேடுவதே இந்தக் கோணலை நம்பித்தான்: அக்கா முதல் சில எழுத்துகளைத் தட்டுவார், பெயர் வந்து நிற்கும். ஹார்பரிலும் அச்சு அசலாக வந்து நின்றது! கட்டளைகளின் முதல் நாலெழுத்தை மட்டும் எழுதும் கிளிப்பருக்கு முந்தைய டிபேஸ் காலத்துப் பழக்கமும் அந்த நிரல் முழுக்க இருக்கிறது. ஹார்பர் அதற்கும் முகம் சுளிக்கவில்லை. கூடுதல் வசதி எதுவும் வேண்டாம், கறாரான கிளிப்பராகவே இரு என்று சொல்ல ‘கேசி’ என்று ஒரு சுவிட்சே தனியாக வைத்திருக்கிறார்கள்.

நிரலைப் படித்ததே தனி ஆனந்தம். 2008 ஏப்ரலில் வந்த ஐந்து சென் ரவுண்டிங்குக்கு ஒரு சின்ன ஃபங்ஷன். 2015 ஏப்ரலில் வந்த 6 விழுக்காடு ஜிஎஸ்டிக்குச் சில வரிகள், அதை 2018 ஜூனில் பூஜ்யமாக்கிய திருத்தம், செப்டம்பரில் எஸ்எஸ்டி. நடுவில் ரோமன் எழுத்தில் தமிழ்க் குறிப்புகள்: ‘தீபாவளிக்கு முன்னாடி முந்திரி விலையைப் பார்’ என்று ஒன்று. நாட்டின் வரி வரலாறு ஒரு மளிகைக் கடைக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதையா தூக்கிப் போடச் சொன்னார்கள்?

இன்னொரு சங்கதி. டிபிஎஃப் தரவுக் கோப்புகளையும் என்டிஎக்ஸ் அட்டவணைக் கோப்புகளையும் ஹார்பர் பூட்டும் முறையும் கிளிப்பருடையதே. அதனால் கிடங்கில் பழைய மெஷின் பழைய எக்ஸியை ஓட்ட, கல்லாவில் புது மெஷின் ஹார்பர் எக்ஸியை ஓட்ட, இரண்டும் ஒரே சரக்குக் கோப்பில் ஒரே நேரத்தில் எழுதின. ஒன்றின் காலை ஒன்று மிதிக்கவில்லை. கடையை ஒருநாளும் மூடாமல் மாறிவிட்டோம். மாதக் கடைசி அறிக்கையை இரண்டிலும் எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஒரு சென் வித்தியாசம் இல்லை. அக்கா கேட்டார்: “என்னா தம்பி மாத்துனே? எல்லாம் அதேதானே இருக்கு?” இதைவிடப் பெரிய சான்றிதழ் எந்தக் கம்பைலருக்குக் கிடைக்கும்!

பழையதைக் காப்பாற்றுவதோடு நின்றுவிடவும் இல்லை. 2024 ஆகஸ்டில் உள்நாட்டு வருமான வரி வாரியம் மின்-விலைப்பட்டியலைக் கட்டம் கட்டமாகக் கொண்டுவரத் தொடங்கியது. ஜேசன் வடிவில் அனுப்பலாம். ஹார்பரில் ஜேசன் எழுதும் ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது, இணையத்தில் அனுப்புவதற்குக் கர்ல் நூலகமும் உண்டு. டாஸ் காலத்து டிபிஎஃப் கோப்பிலிருந்து ஒரு பில்லை எடுத்து ஜேசனாக மாற்றிப் பார்த்தபோது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். வாரியத்தின் சோதனைத் தளத்துக்கு அனுப்பிப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. கிள்ளானிலோ செந்தூலிலோ உங்கள் கடைப் பீரோவில் .பிஆர்ஜி கோப்புகள் உள்ள பிளாப்பித் தட்டு கிடந்தால், பூஞ்சை பிடிப்பதற்குள் இந்த வாரமே நகலெடுத்து வையுங்கள்.