எளிதாக இறங்கினால் மட்டும் போதுமா?

கிளைடருக்கு இயந்திரம் கிடையாது என்பது நாம் அறிந்ததே. தரையை நெருங்கும்போது பிழை நேர்ந்துவிட்டால், மற்ற விமானங்களைப்போல் மறுபடி மேலெழும்பிச் சுற்றிவர அதற்கு வழியில்லை. ஆகவே, ஆசிரியரும் மாணவரும் முன்பின்னாக அமர்ந்து பறக்கும் பயிற்சிக் கிளைடர் எப்படி இறங்குகிறது, எப்படிக் கைக்கு அடங்குகிறது என்பது உயிர்ப் பிரச்சினையாகும்.

ஜெர்மனியில் போப்பன்ஹௌசன் என்னும் ஊரிலுள்ள ஷ்லைஷர் தொழிற்சாலை இத்தகைய இரண்டு கிளைடர்களை உலகுக்குத் தந்தது. 1966-இல் முதன்முதலாகப் பறந்த ஏ.எஸ்.கே. 13-க்கு மர இறக்கை; எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடல். 1970-களின் இறுதியில் வந்த ஏ.எஸ்.கே. 21 கண்ணாடி இழையால் ஆனது. இரண்டையும் வடிவமைத்தவர் ருடால்ஃப் கைசர் என்ற ஒரே பொறியியலாளர். பெயரிலுள்ள 'கே' அவரையே குறிக்கும்.

இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் சறுக்கு விகிதத்தைச் சொல்லித் தீர்ப்பை முடித்துவிடுகிறார்கள். ஒரு மீட்டர் உயரத்தை இழப்பதற்குள் பழையது ஏறத்தாழ 27 மீட்டரும் புதியது 34 மீட்டரும் முன்னேறும். உண்மைதான். ஆனால் நெடுந்தூரம் மிதக்கும் குணம் தரையருகே வரமாகுமா? புதியதன் உச்ச எடை 600 கிலோ. பழையதற்கு 480 கிலோ. இறக்கைப் பரப்போ இரண்டுக்கும் 18 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எனவே ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமக்கும் எடை 27 கிலோவிலிருந்து 33 கிலோவாகிறது. இறக்கைகளின் தூக்குதிறன் சமம் என்று கொண்டால், இறங்கும் வேகம் சுமார் 10 விழுக்காடு கூடும். வேகத்தின் வர்க்கத்தை எடையோடு பெருக்கிப் பாருங்கள். தரையில் தீர்க்கவேண்டிய இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்காகிவிடுகிறது! வேகத்தைச் சற்றுக் கூடுதலாக வைத்து வரும் மாணவர் புல்லுக்குமேல் மிதந்தபடியே திடலின் பாதியைத் தாண்டிவிடக்கூடும்.

பழையதன் மூக்கின் கீழே ஒரு சறுக்குக்கட்டை உள்ளது. தரையைத் தொட்டபின் கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளினால், கட்டை புல்லில் உராய்ந்து கிளைடரை நிறுத்தும். புதியதற்கு மூக்கிலும் ஒரு சிறு சக்கரம் உண்டு. கெட்டியான ஓடுபாதைக்கு இதுவே ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சக்கரம் முதலில் தரையில் மோதினால் மூக்கு மேலே எறியப்படும். இறக்கையின் கோணம் கூடிக் கிளைடர் துள்ளும். பதறிய மாணவர் கோலை முன்னே தள்ளுவார். அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாகும். மூக்கைத் தூக்கிப் பிடித்து, வேகம் தீரும்வரை பொறுத்து, பெரிய சக்கரமும் வாற்சக்கரமும் ஒன்றாகத் தொடும்படி இறக்கினால் இத்தொல்லை இல்லை. அப்போது ஏ.எஸ்.கே. 21 சாதுவான பசுதான்.

அந்தச் சாதுத்தன்மையில்தான் எனக்குக் குறை. பழையதில் திரும்பும்போது காலால் சுக்கானைச் சரியாகச் சேர்க்காவிட்டால் மூக்கு எதிர்ப்புறம் இழுபடும். முன்கண்ணாடியில் ஒட்டிய நூல்துண்டு கோணலாகி உடனே காட்டிக்கொடுக்கும். வேகம் மிகக் குறைந்த நிலையில் சுக்கானைத் தவறாக அழுத்தினால், ஓர் இறக்கை முதலில் தூக்குவிசையை இழந்து சரியும். கிளைடர் பம்பரம்போல் சுழன்று விழத் தொடங்கும். இறங்குமுன் வரும் கடைசித் திருப்பத்தில் இது நேர்ந்தால் மீள்வதற்கு உயரம் இராது. புதியதிலோ, முன்னிருக்கையில் சராசரி எடையுள்ளவர் அமர்ந்தாலே ஈர்ப்பு மையம் முன்னே வந்துவிடுகிறது. கோலை முழுதும் இழுத்தாலும் சுழல் வீழ்ச்சிக்கு வேண்டிய கோணம் எளிதில் கிட்டாது. மூக்கை ஆட்டியபடி கீழே அமிழும், அவ்வளவே. சுழல் வீழ்ச்சியைக் கற்பிப்பதற்காக வால் முனையில் எடைத் தகடுகளைப் பூட்டும் ஏற்பாட்டைத் தயாரிப்பாளரே செய்துதர நேர்ந்தது. விழாத கிளைடரை விழவைக்க எடை கட்டுவது வேடிக்கையல்லவா!

இதை நற்குணம் என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை. மாணவர் நாளை ஏறப்போகும் ஒற்றை இருக்கைக் கிளைடர் இவ்வளவு பொறுமை காட்டாமல் போகலாம். பிரிட்டனில் பல கிளைடர் சங்கங்கள் புதியது வந்த பிறகும் பழையதை விற்றுவிடாமல் வைத்துக்கொண்டன. பணத் தட்டுப்பாடு மட்டும் அதற்குக் காரணமன்று. முதல் தரையிறக்கங்களுக்கு ஏ.எஸ்.கே. 21-ஐயே நான் சிபாரிசு செய்வேன். தனியே பறக்க அனுப்புமுன் சில நாட்களாவது மாணவரை ஏ.எஸ்.கே. 13-இல் உட்கார வைக்கவேண்டும். அது இல்லாத இடத்தில், இருவர் எடைக்கும் ஏற்பக் கணக்கிட்டு வாலில் அந்தத் தகடுகளைப் பூட்டும் சிரமத்தை ஆசிரியர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.