அடி விழுந்த பிறகு

'பருத்திவீரன்' (2007) கடைசிக் காட்சியைப் பற்றிப் பேச்சு வந்தால், "அதிர்ச்சி கொடுத்துச்சில்ல, அதான் அதோட வேலை" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பதில் போதவில்லை. ஷாக் என்றால் கரண்ட் கம்பியும்தான் கொடுக்கும்.

முத்தழகுக்கு என்ன நடக்கிறது? வீரன் போட்ட ஆட்டத்துக்கெல்லாம் கணக்கு அவள் உடம்பில் தீர்க்கப்படுகிறது. கூட்டு வல்லுறவுக்குப் பிறகு, இந்த உடம்பை யாரும் பார்க்கக் கூடாது, வெட்டிப் போட்டுவிடு என்று அவனிடமே கேட்கிறாள். பிரியாமணி தேசிய விருது வாங்கிய நடிப்பு, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அமீர் அந்த வன்முறையை அவளுக்கு நேர்ந்ததாக எழுதவில்லை, வீரனுக்குக் கிடைத்த தண்டனையாக எழுதியிருக்கிறார். செத்துப்போவது அவள், நாம் அழுவது அவனுக்காக. என்னை உறுத்துவது இதுதான், ரத்தம் இல்லை.

ஏனென்றால் ரத்தம் எங்களுக்குப் புதுசு கிடையாது. எங்கள் ஐயங்கார்குளம் இருக்கும் காஞ்சிபுரம் வட்டாரம் கூத்துக்குப் பேர்போனது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது, படுகளத்தன்று மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையைப் பிளப்பான். அந்த ரத்தத்தைத் தொட்டுப் பாஞ்சாலி கூந்தலை முடிவாள். அவமானப்பட்டவளும் அவள்தான், முடிகிறவளும் அவள்தான். அவளுடைய கணக்கை வேறு யார் கதையிலும் சேர்க்க முடியாது.

இதோடு நின்றால் அதுவும் ஒரு மாஸ் சீன்தான். 'ஜெயிலர்' (2023) படத்தில் தலை துண்டாகும்போது விசில் அடித்தோமே, அந்த மாதிரி. செத்தவன் வீட்டுப் பக்கம் கேமரா போவதே இல்லை. ஆனால் பல ஊர்ப் படுகளங்களில் துரியோதனனுக்கும் ஒப்பாரி உண்டு. அவன் சாவுக்காக விடிய விடியக் காத்திருந்த அதே ஜனம் உட்கார்ந்து அந்த அழுகையையும் கேட்டாக வேண்டும். அவன் கெட்டவன்தான். ஆனாலும் பொணம் விழுந்த வீடு, வீடுதானே.

சினிமாவில் இந்தக் கனம் எனக்குக் கிடைத்தது வெற்றிமாறனின் 'விசாரணை'யில். குண்டூர் போலீஸிடம் தான் பட்டதை மு. சந்திரகுமார் 'லாக்கப்' நாவலாக எழுதினார், படம் அதிலிருந்து வந்தது. அதில் அடிக்கிறவர்களுக்குப் பெரிய கோபம்கூட இல்லை. பெரிய இடத்துத் திருட்டு, கேஸை முடிக்கணும், அதற்கு நாலு பேர் வேண்டும். ஆபீஸ் வேலை மாதிரி அடிக்கிறார்கள். போலீஸ் ஹீரோவின் லத்திக்குக் கைதட்டிப் பழகின நமக்கு, 2016இல் அதே தியேட்டரில் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நாலு வருஷம் கழித்து சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் செத்த செய்தி வந்தபோது, 'விசாரணைக்கு அழைத்துச் சென்றனர்' என்ற வரியைச் சாதாரணமாகப் படிக்க முடியாமல் போனதில் இந்தப் படத்துக்கும் பங்குண்டு என்பேன்.

பிழைக்கப் போன இடத்தில் பிடிபட்டவர்கள் அவர்கள். படம் முடியும்போது அவர்களுக்கு ஒப்பாரி வைக்கக்கூட யாரும் பக்கத்தில் இல்லை.